பழைய டைனோசர் படங்களில் விலங்கை விட்டுவிட்டு அறிஞரைக் கவனித்ததுண்டா?

கல்மரம் | சனி, காலை 9.10

நிலவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். போன மழைக்காலத்தில் கால் சுளுக்கி வீட்டோடு கிடந்தபோது, 1914 முதல் 1974 வரை வந்த டைனோசர் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம். விலங்கைப் பற்றி எழுதத்தான் வைத்துக்கொண்டேன். நாலைந்து படம் முடிந்ததும் புரட்டினால், பக்கமெல்லாம் அந்தப் படங்களில் வரும் தொல்லுயிரியலாளர்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

1938இல் ஹாவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'ப்ரிங்கிங் அப் பேபி'யில் கேரி கிராண்ட் தொல்லுயிரியலாளர் டேவிட் ஹக்ஸ்லியாக வருகிறார். நான்கு ஆண்டுகளாக ஒரு பிரான்டோசாரஸ் எலும்புக்கூட்டைப் பொருத்திக்கொண்டிருக்கிறார். முதல் காட்சியிலேயே சாரத்தின் மேல் அமர்ந்து, கையில் உள்ள எலும்பு வால் பகுதியைச் சேர்ந்ததோ என்று யோசிக்கிறார். நேற்றே அங்கே வைத்துப் பார்த்தாயிற்று என்கிறார், அவர் மணக்கப்போகும் பெண். அரங்கம் சிரித்த இடம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்த அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரி) ஒன்றின் இரு துண்டுகளைப் பொருத்த ஒரு கோடை விடுமுறை முழுவதையும் செலவிட்டவன் நான். நேற்று வைத்துப் பார்த்த இடத்தில் இன்றும் வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலை.

1953இல் வந்த 'தி பீஸ்ட் ஃபிரம் 20,000 ஃபாதம்ஸ்' படத்தில் பேராசிரியர் எல்சன் என்ற முதியவர். விலங்கைப் பார்க்க நீர்மூழ்கிக் கூண்டில் கடலடிக்கு இறங்குகிறார். கண்டதைத் தொலைபேசி வழியே மேலே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறார். முதுகுத் தண்டின் அமைப்பு, காறை எலும்பு தாங்கும் விதம் என்று ஒரு மாணவனுக்கு விளக்குவதுபோல் அடுக்குகிறார். எல்லாவற்றிலும் வியப்பான செய்தி என்னவென்றால் என்று தொடங்குகிறார். இணைப்பு அறுந்துவிடுகிறது.

1954இல் ஜப்பானிய 'காட்ஸில்லா'. முனைவர் யமானே, நடித்தவர் தகாஷி ஷிமுரா. ஊரே அந்த விலங்கைக் கொல்ல வழி தேடும்போது, அணுக்கதிர்வீச்சைத் தாங்கி அது எப்படி உயிர்வாழ்கிறது என்று ஆராய வேண்டும் என்கிறார். கேட்பாரில்லை. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தனியே அமர்ந்திருக்கிறார்.

ஒருவர் கேலிப்பொருள், ஒருவர் பலி, ஒருவர் தனிமரம். உயிரோடு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே குற்றத்துக்காக இந்த மனிதர்களை அந்தக் காலத் திரைப்படம் ஏன் இப்படித் தண்டித்தது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையசுருள் | சனி, காலை 10.45

ஐயா, உங்கள் பட்டியலில் இன்னொரு பலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1959இல் வந்த 'தி ஜெயண்ட் பெஹிமத்'. அதில் ஜாக் மெக்கௌரன் நடித்த முனைவர் சாம்ப்சன், சிறு வயது முதல் இப்படியொரு விலங்கைக் காணக் காத்திருந்தவர். ஹெலிகாப்டரில் தேடிப் போகிறார், பார்த்தும்விடுகிறார், அந்தக் கணமே மாண்டும்போகிறார். 'பீஸ்ட்' படத்தையும் இதையும் இயக்கியவர் ஒருவரே, யூஜின் லூரியே. ஆறாண்டு இடைவெளியில் ஒரே சாவை இரண்டு முறை எடுத்திருக்கிறார்.

ஆனால் அதே மனிதரின் மூன்றாவது படம் 'கோர்கோ', 1961. 'பீஸ்ட்' படத்தின் முடிவில் விலங்கு இறப்பதைப் பார்த்து அவருடைய சின்ன மகள் அழுதாள், அதனால்தான் 'கோர்கோ'வில் தாயும் குட்டியும் லண்டனை விட்டு உயிரோடு கடலுக்குத் திரும்புகின்றன என்பார்கள். விலங்குக்குக் கிடைத்த மன்னிப்பு அது. அறிஞர்களுக்காக அழ ஆளில்லை போலும்.

இன்னொரு செய்தி, உங்களுக்குப் பிடிக்கும். எல்சன் வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய எலும்புக்கூடு நிற்கிறதே, அது புதிதாகச் செய்ததில்லை. ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் கிடங்கில் கிடந்த பழைய சாமான். கேரி கிராண்ட் நான்கு ஆண்டுகள் பொருத்திய அதே பிரான்டோசாரஸ்.

---

கல்மரம் | சனி, காலை 11.20

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் இரண்டு படங்களிலும் அந்த இடங்களை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஹக்ஸ்லியின் கண்முன்னே அந்தக் கூடு படத்தின் கடைசியில் சரிந்து விழுகிறது, நான்கு ஆண்டு உழைப்பும் தரைமட்டம். பதினைந்து ஆண்டு கழித்து அது வேறொரு பேராசிரியரின் கூடத்தில் எழுந்து நிற்கிறது. நன்றி, சுருள்.

---

ஆழ்கடல் | சனி, பிற்பகல் 2.05

மன்னிக்கவும், நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன். உயிரியல் படிக்கும் மாணவன். இந்தப் படங்களின் மீது உங்களுக்கு இருக்கும் பாசம் புரிகிறது. ஆனால் இவை செய்த கெடுதலையும் பேச வேண்டாமா? மனிதனும் டைனோசரும் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்ற நினைப்பு இன்றும் பலரிடம் இருக்கிறது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் இனத்துக்கு வயது சுமார் 3 இலட்சம் ஆண்டுகள்.

1940இல் வந்த 'ஒன் மில்லியன் பி.சி.'யைப் பாருங்கள். உயிருள்ள முதலைக்கும் பல்லிகளுக்கும் முதுகில் செதில் ஒட்டி, ஒன்றோடொன்று கடித்துக் குதறவிட்டுப் படம் பிடித்தார்கள். அந்தக் காட்சித் துண்டுகளையே அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மலிவுப் படக்காரரும் வாங்கி ஒட்டிக்கொண்டார். இதில் அறிவியலும் இல்லை, இரக்கமும் இல்லை.

'கிங் காங்'கில் டைரனோசாரஸுக்கு மூன்று விரல். 'ஃபேண்டேசியா'வில் டைரனோசாரஸ் ஸ்டெகோசாரஸைக் கொல்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 8 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. டைரனோசாரஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் காலத்தில் நெருக்கம்!

---

செம்மண்சிற்பி | சனி, மாலை 5.30

தம்பி ஆழ்கடல், பல்லி விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அந்த முதலைச் சண்டையை ஒரு முறை பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். 1960இல் இர்வின் ஆலன் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' கதையை மறுபடி எடுத்தபோதும் கொம்பு ஒட்டிய ஓணான்களைத்தான் விட்டார். அந்தப் படக்குழுவில் வில்லிஸ் ஓ'ப்ரையனும் இருந்தார் என்பது எனக்கு ஆறாத வருத்தம். 1925இல் அதே கதைக்குக் கையால் உயிர் கொடுத்தவர் அவர்.

ஆனால் மூன்று விரல் கதை வேறு. களிமண்ணில் விலங்குகள் செய்து, அவற்றைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி ஸ்டாப் மோஷன் முறையில் படம் பிடிப்பவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1925 'லாஸ்ட் வேர்ல்ட்', 1933 'கிங் காங்' இரண்டுக்கும் பொம்மைகள் செய்தவர் மார்செல் டெல்காடோ. மெக்சிகோவில் பிறந்தவர். மளிகைக் கடையில் வேலை செய்துகொண்டே ஓவியப் பள்ளியில் படித்தவரை ஓ'ப்ரையன் அங்கே கண்டு அழைத்துக்கொண்டார். உலோக மூட்டுகளால் எலும்புக்கூடு, அதன்மேல் தசை, தசைமேல் ரப்பர் தோல் என்று உள்ளிருந்து வெளியே கட்டினார். சில பொம்மைகளுக்குள் காற்றுப்பை வைத்து மூச்சு விடுவதுபோல் விலா ஏறி இறங்கச் செய்தார். அவர் கண்முன் வைத்திருந்த மாதிரி சார்ல்ஸ் நைட்டின் ஓவியங்கள். நைட் வரைந்தது நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து அறிஞர்களின் பக்கத்தில் அமர்ந்து. அங்கிருந்த ஆஸ்பார்ன் டைரனோசாரஸுக்குப் பெயர் வைத்தது 1905இல். நைட் அதை வரைந்தது 1906இல். கையெலும்பு சரியாகக் கிடைக்காத காலம். மூன்று விரல் என்று அனுமானித்து வரைந்தார். டைரனோசாரஸின் முழு முன்னங்கை மொன்டானாவில் கிடைத்தது 1988இல்தான்.

அதாவது திரையில் நீங்கள் பார்ப்பது அறியாமை இல்லை. அந்தக் காலத்து அருங்காட்சியகச் சுவரில் தொங்கிய அறிவு.

---

ஆழ்கடல் | சனி, இரவு 8.15

விளக்கத்துக்கு நன்றி அண்ணா, நைட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று. டைரனோசாரஸின் நெருங்கிய உறவான கோர்கோசாரஸுக்கு இரண்டு விரல் என்பது 1914இலேயே வெளியாகிவிட்டது. 'கிங் காங்' அதற்குப் பத்தொன்பது ஆண்டு பின்னால் வந்தது. 'ஃபேண்டேசியா' 1940. டைரனோசாரஸை 1902இல் தோண்டி எடுத்த பார்னம் பிரௌனே டிஸ்னிக்கு ஆலோசகராக இருந்திருக்கிறார், உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும்கூட. அவர்கள் சொல்லியும் திரையில் மூன்று விரல்தான் வந்தது என்றால்?

---

செம்மண்சிற்பி | சனி, இரவு 9.00

நியாயமான கேள்வி. கோர்கோசாரஸ் செய்தியை நான் கணக்கில் எடுக்கவில்லை. 1933க்கு நான் சொன்ன சமாதானம் கொஞ்சம் தளர்கிறது, 1940க்கு நிற்கவே நிற்காது. மூன்று விரல் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் 'கிங் காங்'கில் அந்த டைரனோசாரஸ் முதலில் வருகிற இடத்தைப் பாருங்கள். சண்டைக்கு முன் நின்று காதுப்பக்கம் சொறிந்துகொள்கிறது. கதைக்கு அது தேவையே இல்லை. ஒரு நொடிக்கு 24 சட்டகம், ஒவ்வொரு சட்டகத்துக்கும் பொம்மையை மயிரிழை நகர்த்த வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 1,440 முறை. அத்தனை பாடுபட்டு ஒருவர் ஒரு விலங்குக்கு அரிப்பெடுக்க வைத்திருக்கிறார் என்றால், அது உயிரோடு இருந்தபோது எப்படியிருந்திருக்கும் என்று அவர் இரவெல்லாம் யோசித்திருக்கிறார். ஓ'ப்ரையன் இளமையில் அமெரிக்காவின் கிரேட்டர் ஏரிப் பகுதியில் தொல்லுயிரியலாளர்களுக்கு வழிகாட்டியாகப் போனவர். அந்தப் பழக்கம் விரல்நுனியில் தங்கிவிட்டது என்று நான் நம்புகிறேன்.

---

தேன்மொழி | ஞாயிறு, காலை 7.40

வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கல்மரம் ஐயா எல்சனைப் பற்றி எழுதினார், அவருடைய உதவியாளரை விட்டுவிட்டார். 'பீஸ்ட்' படத்தில் லீ ஹண்டர் என்ற பெண் தொல்லுயிரியலாளர் இருக்கிறார், நடித்தவர் பாலா ரேமண்ட். வடதுருவத்தில் விலங்கைக் கண்டேன் என்று சொன்னவரை மருத்துவர்கள் நம்பவில்லை, எல்சனும் முதலில் நம்பவில்லை. முதலில் காதுகொடுத்தவர் லீதான். படங்களைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்து, எது என்று நீங்களே காட்டுங்கள் என்கிறார். சாட்சியத்தைச் சோதிக்கும் சரியான முறை அது. கூச்சல் இல்லை, கேலி இல்லை. 1953இல் இப்படியொரு பெண்ணைத் திரையில் காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதே காலத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த டில்லி எடிங்கர் ஹார்வர்டில் மண்டையோடுகளின் உட்குழியை வைத்து அழிந்துபோன விலங்குகளின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். செவித்திறன் குறைந்தவர், தன் துறைக்குத் தானே பாதை போட்டவர். லீயின் பாத்திரத்தை எழுதியவர்கள் அவரை அறிந்திருந்தார்களா என்பது வேறு. ஆனால் லீ கற்பனைக்கு எட்டாத ஆள் இல்லை.

ஒரு உதவியும் வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது. கிராபிக்ஸ் படங்களைப் பார்த்துப் பயந்துவிட்டாள். மென்மையான பழைய படம் ஏதாவது சொல்லுங்களேன்.

---

பழையசுருள் | ஞாயிறு, காலை 8.30

அக்கா, முதலில் 'கெர்ட்டி'யைக் காட்டுங்கள். 1914, வின்சர் மெக்கே வரைந்தது. பன்னிரண்டு நிமிடம் போதும். மெக்கே முதலில் அதை மேடையில் செய்தார். திரையில் கெர்ட்டி, திரைக்கு முன்னால் சாட்டையோடு அவர். காலைத் தூக்கு என்றால் தூக்கும், திட்டினால் அழும். பிறகு திரையரங்குகளுக்காக ஒரு முன்கதை சேர்த்தார்கள். அதில் கார் டயர் பஞ்சராகி நண்பர்களோடு அருங்காட்சியகத்துக்குள் போகிறார், பிரான்டோசாரஸ் எலும்புக்கூட்டைப் பார்க்கிறார், இதற்கு உயிர் கொடுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு விருந்தைப் பந்தயம் வைக்கிறார். நியூயார்க் அருங்காட்சியகத்தில் அந்த எலும்புக்கூடு 1905இல்தான் நிமிர்த்தப்பட்டிருந்தது. அந்த அளவுள்ள விலங்கை முழுதாக நிறுத்தியது உலகிலேயே அதுதான் முதல் முறை.

அடுத்தது கேரல் ஜீமன். செக்கோஸ்லோவாகியா, 1955, 'செஸ்டா டோ ப்ரவேகு' (ஆதிகாலத்துக்கு ஒரு பயணம்). நான்கு சிறுவர்கள் ஒரு குகைக்குள் படகில் போய், ஆற்றோடு காலத்தில் பின்னோக்கிச் செல்கிறார்கள்.

---

கல்மரம் | ஞாயிறு, காலை 10.00

ஜீமன் பெயரை யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். நான் தொடங்கிய கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தப் படம்தான்.

அதில் தொல்லுயிரியலாளர் ஒருவரும் திரையில் வருவதில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தின் யோசெஃப் ஆகஸ்டா நின்றார். அவரோடு பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்த ஸ்டெனெக் புரியானின் ஓவியங்கள்தாம் காட்சிகளுக்கு அடிப்படை. பனிக்கால யானைகள், பிறகு பாலூட்டிகளின் காலம், பிறகு டைனோசர்கள், நிலக்கரிக் காடு, கடைசியில் ஆதிக் கடல். பாறை அடுக்குகளை மேலிருந்து கீழே தோண்டிக்கொண்டு போவதுபோலவே கதை இறங்குகிறது. வகுப்பில் முப்பது ஆண்டுகள் நான் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியதை அவர் ஓர் ஆறாக ஓடவிட்டிருக்கிறார்.

ஒரு காட்சி. ஸ்டெகோசாரஸும் செரடோசாரஸும் மோதுகின்றன. இரண்டும் ஜுராசிக் பிற்பகுதி, வட அமெரிக்காவின் ஒரே பாறைத் தொகுதியில் கிடைப்பவை, ஆழ்கடல் தம்பி கவனிக்க! மறுநாள் ஸ்டெகோசாரஸ் செத்துக் கிடக்கிறது. சிறுவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அருகே போகிறார்கள், அதன்மேல் ஏறுகிறார்கள், அளக்கிறார்கள், நாட்குறிப்பில் எழுதுகிறார்கள். யாரும் அலறவில்லை, யாரையும் எதுவும் தின்னவில்லை. நான் பார்த்த படங்களில் தொல்லுயிரியல் வேலை அப்படியே நடப்பது இந்த ஓர் இடத்தில்தான், அதைச் செய்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

அவர்களில் இளையவன் யிர்காவிடம் ஒரு டிரைலோபைட் (கணுக்கணுவான ஓடுள்ள ஆதிக் கடலுயிரி) புதைபடிவம் இருக்கிறது. அதை உயிரோடு பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. எல்சனின் ஆசைதான், சாம்ப்சனின் ஆசைதான். ஆனால் பயணத்தின் முடிவில், எல்லாக் கடல்களுக்கும் முந்தைய அந்தக் கடலோரத்தில் அவன் குனிந்து உயிருள்ள டிரைலோபைட்டைக் கையில் எடுக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

---

ஆழ்கடல் | ஞாயிறு, பிற்பகல் 1.15

பார்த்துவிட்டேன் ஐயா. நேற்று எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். மனிதர்களையும் டைனோசர்களையும் ஒரே சட்டகத்தில் காட்டினாலே பொய் என்று நினைத்திருந்தேன். ஜீமன் அதைச் செய்கிறார். ஆனால் எந்த விலங்கு எந்தக் காலத்தது என்பதில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்கிறார்.

டிரைலோபைட் என்றதும் 'காட்ஸில்லா' நினைவுக்கு வந்தது. காலடித் தடத்துக்குள் யமானே ஒரு டிரைலோபைட்டைக் கண்டெடுக்கிறார். பிறகு நாடாளுமன்றத்தார் முன்னால், இது ஜுராசிக் கால விலங்கு, 20 இலட்சம் ஆண்டு முந்தையது என்கிறார். ஜுராசிக் முடிந்து 14.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டிரைலோபைட்டுகள் ஜுராசிக் தொடங்குவதற்கு முன்பே, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டன. ஒரே பேச்சில் இரண்டு பிழை.

---

கல்மரம் | ஞாயிறு, பிற்பகல் 3.40

இரண்டும் பிழைதான், மறுக்க முடியாது. யமானேயை நான் அதற்காக மன்னிக்கவில்லை, வேறொன்றுக்காக மதிக்கிறேன். அந்தப் படம் வந்தபோது ஹிரோஷிமா நடந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே 1954 மார்ச்சில்தான் பிகினி தீவில் வெடித்த குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. கதிர்வீச்சைத் தாங்கிய ஓர் உயிரிடம் கேட்டறிய ஏதோ இருக்கிறது என்று அந்த ஊரில் ஒருவர் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும். படம் அவரை மூடராகக் காட்டவே இல்லை. அவருடைய துக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே என் முதல் பதிவில் மூவரையும் ஒரே கூடையில் போட்டது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

---

பழையசுருள் | ஞாயிறு, மாலை 6.20

காலப் பிழை என்றால் தொலைக்காட்சியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1970இல் நிலத்தடி ஊர்வன மனிதர்களுக்குச் சைலூரியன் என்று பெயர் வைத்தார்கள். சைலூரியன் காலம் முடிந்தது சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன், ஊர்வன என்ற வகையே அப்போது பிறக்கவில்லை. 1972இல் வந்த இன்னொரு கதையில் டாக்டரே, அந்தப் பெயர் தவறு, இயோசீன் என்றிருக்க வேண்டும் என்கிறார். அதுவும் பொருந்தவில்லை. ஆனால் ஒரு தொடர் தன் பிழையைத் திரையிலேயே ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

---

தேன்மொழி | அடுத்த சனி, இரவு 9.10

கெர்ட்டியை நான்கு முறை பார்த்தாயிற்று. ஜீமன் படத்தை நேற்றிரவு முடித்தோம். பயப்படவே இல்லை. அவள் கேட்டபடி இன்று 'பீஸ்ட்' படத்தில் கூண்டு இறங்கும் காட்சியை மட்டும் காட்டினேன். இணைப்பு அறுந்ததும் என்னைப் பார்த்து, தாத்தா என்ன சொல்ல வந்தார் அம்மா, என்ன வியப்பு, என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயா, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

இன்னொரு கோரிக்கையும் வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு டிரைலோபைட் வேண்டுமாம். அரியலூர்ப் பக்கம் போனால் கிடைக்குமா?

---

கல்மரம் | ஞாயிறு, காலை 6.05

எல்சனின் கேள்விக்கு என் ஊகம் இது. அந்த விலங்குக்கு நுரையீரல் இருக்க வேண்டும், கரைக்கு வந்து தெருவில் நடக்கிறது, கர்ஜிக்கிறது. ஆனால் அவ்வளவு ஆழத்தில் மேலே வராமல் கிடக்கிறது. மூச்சுக்கு என்ன செய்கிறது என்பதை அவர் கண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். பாப்பாவுக்கு வேறு எண்ணம் தோன்றினால் எழுதச் சொல்லுங்கள், என்னுடையதைவிட நன்றாக இருக்கக்கூடும்.

அரியலூரில் டிரைலோபைட் கிடைக்காது அம்மா. அந்தப் பாறைகள் கிரெட்டேசியக் காலத்தவை. அவை படிந்தபோது டிரைலோபைட்டுகள் மறைந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. யமானே செய்த பிழையை நாம் செய்ய வேண்டாம். அங்கே கிடைப்பது அம்மோனைட், கிளிஞ்சல்கள், கடல் முள்ளெலிகள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். பிறகு பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன அடிமரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கிருந்து கல் எதையும் எடுக்கக் கூடாது. வெயிலுக்கு முன் போய்விடுங்கள், தொப்பியும் நிறையத் தண்ணீரும் அவசியம். பாப்பாவிடம் ஓர் அளவு நாடாவும் நோட்டுப்புத்தகமும் கொடுத்து அனுப்புங்கள்.